மாதா வருவதற்குள் ஒரு நகல்

ஆறு மாதமாக நான் ஒரு சர்வர் கட்டிக்கொண்டிருந்தேன், காகிதத்தில். தாராவியில் கல்யாண வீடியோ எடுத்துப் பிழைக்கிறவன் நான். எடுத்ததையெல்லாம் பத்திரமாக வைக்க உள்ளங்கை அகலத்தில் ஒரு குட்டிக் கணினி, அதோடு புதிதாக இரண்டு டிஸ்க். ஒன்று போனால் மற்றது இருக்கும். திட்டம் அவ்வளவுதான். ஆனால் அந்தக் கணினிக்கு எந்த போர்டு, அதற்கு எந்தப் பெட்டி, பெட்டி கறுப்பா சாம்பலா என்றே மழைக்காலம் போய்விட்டது.

"நீங்க வரைஞ்ச படத்துக்கு ஒரு கோயிலே கட்டியிருக்கலாம்" என்றாள் என் மனைவி கிளாரா.

இன்று மதியம், அதுவரை எடுத்ததெல்லாம் இருந்த பழைய டிஸ்க் டிக் டிக்கென்று சத்தம் போட ஆரம்பித்தது. அந்தச் சத்தம் கேட்டால், ஓடும்வரை ஓடட்டும் என்று விட்டு நகல் எடுக்க வேண்டும். ஒருமுறை நின்றால் மறுபடி சுற்றாது. வாங்கிப் போட்டிருந்த போர்டில், பெட்டியில்லாமலே, புது டிஸ்க்கை அவசரமாக மாட்டி நகலைத் தொடங்கினேன். கரண்ட் போனால் தாங்குகிற பேட்டரி? அது என் திட்டத்தின் மூன்றாம் கட்டத்தில் இருந்தது.

அந்த டிஸ்க்கில்தான் சுனிதாவின் கல்யாணம் இருந்தது. பக்கத்துச் சந்துப் பெண். கோயிலுக்குக் கிளம்புமுன் அவளுடைய அப்பா கட்டிலில் சாய்ந்தபடியே அவள் நெற்றியில் சிலுவை போட்டார். மூன்றாவது வாரம் இறந்துபோனார். சுனிதா இன்னும் அதைப் பார்க்கவில்லை. கேட்கும்போதெல்லாம் "எடிட்டிங் நடக்கு" என்று சொல்லிவந்தேன். வேறு எங்கும் நகல் கிடையாது.

இதில் அக்டோபர் வேறு, ஜெபமாலை மாதம். மாதாவின் சிலையான சுரூபம் தினமும் ஒரு வீட்டுக்கு வரும். சந்தே கூடி ஜெபமாலை சொல்லும். இன்று எங்கள் முறை. சீரியல் பல்பு, இரண்டு பெடஸ்டல் ஃபேன், மைக் செட். எங்கள் வீட்டு மெயின் சுவிட்சோ, அயர்ன்பாக்ஸையும் மிக்ஸியையும் சேர்த்துப் போட்டாலே விழுந்துவிடும்.

"ஒரு பல்புகூட போடாத" என்றேன் கிளாராவிடம்.

"மாதாவ இருட்டுலயா கூப்பிட?"

விஷயத்தைச் சொன்னேன். அவள் திரையைப் பார்த்தாள். "இப்ப எது ஏறுது?"

"நாலு வருஷத்துக்கு முந்தினது. வரிசையா வருது."

"வரிசையாவா? வீடு எரியும்போது வரிசைல நிப்பீங்களா? சுனிதாவுக்குள்ளத மொதல்ல எடுங்க."

வரிசை மாறக்கூடாது என்பது என் திட்டத்தின் இரண்டாம் விதி. அதைச் சொல்ல வாயைத் திறந்து, அவள் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன். ஆனாலும் கை ஓடவில்லை. எங்கள் மகள் ஜாய் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை வீடியோவும் அந்த டிஸ்க்கில்தான் இருந்தது. அதுவும் இன்னும் ஏறவில்லை.

"நம்ம புள்ளைக்குள்ளது?"

கிளாரா கையிலிருந்த சீரியல் பல்புச் சரத்தைக் கீழே வைத்தாள். "அவ இங்கதான இருக்கா. அந்த மனுசன் இல்லல்லா."

நகலை நிறுத்தினேன். சிலுவை போடும் காட்சியை மட்டும் தேடி அனுப்பினேன். டிக். திரையில் நகல் காட்டும் கோடு நின்றது. டிக் டிக். கோடு நகர்ந்தது. கீழே சந்தில் பாட்டு நெருங்கியது. கிளாரா படியில் போய் நின்றாள்.

"இன்னொரு பாட்டு பாடிட்டு ஏறுங்க அத்தே. தரை ஈரமா கெடக்கு."

"மாதா வழுக்கியா விழப்போறா?" என்றது சவரியம்மாள் அத்தையின் குரல். ஜெபமாலையை நடத்துவது அவர்தான். "சலோ, வழிய விடு."

நகல் பாதிக்கு மேல் ஏறியிருந்தது. சுரூபம் உள்ளே வந்தது. இருபது பேர் தரையில் நெருங்கி உட்கார்ந்தார்கள். சுனிதா சுவரோரம் உட்கார்ந்து என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். நான் மானிட்டர்மேல் துண்டைப் போட்டு, ஓரத்தைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வியர்வை கண்ணில் இறங்கியது. முடிந்தது. அந்தக் காட்சி வந்துவிட்டது.

அடுத்து ஜாயுடைய ஃபோல்டரை அழுத்தினேன். அதே நேரம் சவரியம்மாள் அத்தை, யாரிடமும் கேட்காமல், மைக் செட்டின் பிளக்கைச் சொருகினார்.

மெயின் விழுந்தது.

நான் எழுந்து, மைக் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மெயினைத் தூக்கிவிட்டேன். கணினி எழுந்தது. பழைய டிஸ்க் ஒருமுறை முனகி அடங்கியது. கிளாரா என்னைப் பார்த்தாள். தலையை இடமும் வலமுமாக ஆட்டினேன். அவள் மெழுகுவர்த்தியைப் பொருத்திவிட்டு முழந்தாளிட்டாள். அந்த ஜெபமாலை முழுக்க அவள் குரல் மட்டும் எனக்குத் தனியாகக் கேட்டது.

சுண்டல் கொடுக்கும்போது சுனிதாவைக் கூப்பிட்டேன்.

"டிஸ்க் செத்துப்போச்சு சுனிதா. எடிட்டிங்னு சொன்னதெல்லாம் பொய். நான் தொடவே இல்ல. ஒங்க அப்பா சிலுவ போட்டது ஒண்ணுதான் தப்பிச்சுது."

"தாலி கட்டுனது?"

"இல்ல."

"பார்ட்டி?"

"ஒண்ணும் இல்ல."

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. மானிட்டரில் அந்தக் காட்சியை ஓடவிட்டேன். கட்டிலிலிருந்து ஒரு கை எழுந்து, நடுங்கி, நெற்றியைத் தவறவிட்டுப் புருவத்தில் பட்டு, மறுபடி மேலே ஏறிச் சிலுவை போட்டது. "சும்மா அழாதட்டி, மையெல்லாம் போயிரும்" என்றது குரல். சுனிதா மறுபடி போடச் சொன்னாள். மறுபடியும்.

பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு போனை நீட்டினாள். "இப்பவே இதுல அனுப்புண்ணே. ஒம் பெட்டிய நான் நம்ப மாட்டேன்."

அனுப்பினேன். அவள் அங்கேயே நின்று கோபர்கைரனேயிலிருக்கும் தன் அக்காவுக்கு அனுப்பினாள். சவரியம்மாள் அத்தை சுண்டலை மென்றபடி, போனில் தெரிந்த சுனிதாவின் அப்பாவை எட்டிப்பார்த்தார்.

"அது நம்ம அண்ணன்லா. ஏட்டி, எம் போனுக்கும் ஒண்ணு போடு."