பொய் சொல்லாத இரண்டு பெட்டிகள்

பிளாட்பாரம் அம்மா வாயைத் திறந்தால்தான் ரயில் கிளம்பும் என்று ஊரில் பாதிப் பேர் நம்பினார்கள். மீதிப் பேர், அவர் வாயை மூடினால்தான் ரயில் நிற்கும் என்று நம்பினார்கள். ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவர். வெண்கல மணிக் குரல். "பயணிகளின் கவனத்திற்கு" என்று அவர் ஆரம்பித்தால் பெஞ்சில் குறட்டை விடுகிறவன் குறட்டையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடுவான். வழியனுப்ப வந்தவர்கள்கூடப் பதற்றத்தில் பெட்டிக்குள் ஏறி, அடுத்த ஊரில் இறங்கி, முழித்துக்கொண்டு நின்றதுண்டு.

அவருடைய வீட்டுக்காரர் லிப்ட் மெக்கானிக். ஊரையே மேலே ஏற்றி இறக்கிய மனுஷன், வீட்டில் "என்னங்க" என்று ஒரு குரல் வந்தால் கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு எழுந்து நிற்பார். கல்யாணமான நாளிலிருந்து அதுதான் பழக்கம். பயம் என்று நண்பர்கள் கேலி செய்வார்கள். கொஞ்சம் பயமும் இருந்தது என்பதை அவர் மறுத்ததில்லை.

இருவரும் ஓய்வு பெற்ற பிறகு அம்மாவுக்குத் தொண்டையில் ஒரு கட்டி வந்தது. அறுவை சிகிச்சையில் கட்டி போயிற்று, கூடவே மணியும் போயிற்று. பிறகு வந்த குரல் தணிந்து, கரகரத்து, நடுநடுவே மூச்சு வாங்கியது. பார்க்க வந்த சொந்தபந்தம் மொத்தமும் "குரல் அப்படியே இருக்கு" என்று சத்தியம் பண்ணியது. அவர்கள் செருப்பு மாட்டிக்கொண்டு இறங்கியதும், "எவ்வளவு கூசாம பொய் சொல்றாங்க பாருங்க" என்பார் அம்மா. அதன் பிறகு அன்று முழுக்கப் பேசமாட்டார்.

இந்தச் சமயத்தில்தான் பார்வையற்றோர் நூலகத்திலிருந்து ஒரு தடித்த நாவல் வந்தது. வாசித்துப் பதிவு செய்து தர முடியுமா என்று கேட்டிருந்தார்கள். அம்மா பதில் சொல்லவில்லை. புத்தகத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு, கணவர் குளிக்கப் போகும் நேரமெல்லாம் எடுத்துப் படித்தார். அது தெரிந்துதான் மெக்கானிக் கொஞ்ச நாளாக ஒரு குளியலை ஒரு மணி நேரம் குளித்தார். தோல் ஊறி அப்பளமாகப் போயிற்று.

பிறகு ஒரு நாள் துணிமணி நிறைந்த அலமாரிக்குள், தொங்கிய புடவைகளுக்கு நடுவில் ஒரு மைக்கைக் கட்டித் தொங்கவிட்டார். துணிகள் எதிரொலியைத் தின்றுவிடுமாம். கெஞ்சிக் கூத்தாடி மனைவியை அதற்குள் உட்காரவைத்து, முதல் பக்கத்தை மட்டும் பதிவு செய்தார். கம்ப்யூட்டரில் போட்டுக் கேட்டார்கள். தகர டப்பாவுக்குள் மாட்டிக்கொண்ட தேனீ புலம்புவதுபோல் இருந்தது.

"இதுல கேட்டா ஒண்ணும் தெரியல" என்றார் அம்மா. "நல்ல ஸ்பீக்கர் வாங்கிட்டு வாங்க. அதாச்சும் என்கிட்ட பொய் சொல்லாததா இருக்கட்டும். ஒரு தடவ கேட்டுப் பாக்கறேன். கேக்கற மாதிரி இருந்தா வாசிக்கறேன். இல்லன்னா புத்தகத்தத் திருப்பிக் குடுத்துடுங்க. அதோட விட்டுடணும், சரியா?"

மெக்கானிக் எழுந்து நின்றபடியே தலையாட்டினார்.

கடையில், கொண்டையில் பென்சில் செருகிய ஒரு பெண் அவரை எதிர்கொண்டாள். அவர் கண் நேராக, நீல விளக்கு மினுக்கிய இரண்டு ராட்சதப் பெட்டிகள் மேல் போயிற்று. பென் டிரைவில் புதுப் பதிவோடு மனைவியின் பழைய அறிவிப்பு ஒன்றையும் வைத்திருந்தார். முதலில் அதைப் போடச் சொன்னார். "பயணிகளின் கவனத்திற்கு!" கடையே அதிர்ந்தது. ஹெட்போன் பார்த்துக்கொண்டிருந்த ஆள் பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். கல்லாவில் இருந்தவர் எழுந்து நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"யாரு சார் இது? எனக்கே ரயில் போயிடுமோன்னு பதறுது!" என்றாள் அந்தப் பெண்.

"என் வீட்டுக்காரி" என்றார், கல்லாக்காரருக்கும் கேட்கிற மாதிரி.

அடுத்து புதுப் பதிவைப் போட்டார்கள். பெரிய பெட்டிகளில் அது வெண்ணெயில் குளித்து, அத்தர் பூசிக்கொண்டு வந்தது.

"இதையே கட்டுங்க!"

"சார், இது பாட்டு போட்டு ஆடறதுக்கு. எதப் போட்டாலும் அழகாத்தான் காட்டும். பதிவு பண்றவங்களுக்கு ஸ்டுடியோ மானிட்டர்னு ஒரு ஸ்பீக்கர், அதுதான் சரி. உள்ளது உள்ளபடி கேக்கும். உங்க ரூம் எவ்வளவு பெருசு?"

"கட்டில் போட்டா நான் வெளியில நிக்கணும்."

"அப்ப அஞ்சு இன்ச்சே தாராளம். சின்ன ரூம்ல பெருச வெச்சா, ஆள் பேசறது கேக்காது, சுவர் பேசறதுதான் கேக்கும். விலையும் கம்மி."

அவள் காட்டியது செருப்புப் பெட்டி மாதிரி இரண்டு கறுப்புப் பெட்டிகள். விளக்கில்லை, மினுக்கில்லை. ஆனால் அதே பதிவு அதில் வந்தபோது மெக்கானிக்கின் உற்சாகம் கம்பி அறுந்த லிப்ட்போல இறங்கியது. ஒவ்வொரு கரகரப்பும் கேட்டது. எச்சில் விழுங்குவது கேட்டது. வாக்கியத்தின் நடுவில் மூச்சுக்குத் தவிக்கும் சின்ன இடைவெளியும் கேட்டது.

"ஏம்மா, கொஞ்சமே கொஞ்சம் பொய் சொல்ற மாதிரி ஏதாவது இருக்கா?"

பெண் சிரித்தாள். "பின்னால ஒரு திருகு இருக்கு சார். மேல் சத்தத்த, அதான் கணீர்னு கேக்கறத, கூட்டலாம், குறைக்கலாம். ரூமுக்காக வெச்சிருக்காங்க. நீங்க நடுவுலயே விட்டுடுங்க."

திருகு இருக்கிறது என்பதோடு அவர் காது மூடிக்கொண்டது.

வீட்டில் அவர் செய்த ஆர்ப்பாட்டத்தைப் பார்த்தால் அரண்மனைக்கு லிப்ட் வைக்கிறார் என்று நினைக்கத் தோன்றும். தூக்குக்குண்டு கட்டி நேர் பார்த்தார். ஸ்டாண்டு போல்ட்டுகளுக்கெல்லாம் கிரீஸ் தடவினார். பெட்டிகளைச் சுவரிலிருந்து தள்ளி, மனைவியின் காது உயரத்துக்கு நிறுத்தினார். அம்மா அடுப்பில் பால் வைத்துவிட்டு வருவதற்குள், இரண்டு திருகுகளையும் கூட்டுகிற பக்கமாக, திரும்புகிற மட்டும் திருப்பினார்.

முதல் பக்கம் ஓடியது. கரகரப்பு பின்னால் போய் ஒளிந்துகொள்ள, பழைய மணியின் ஒரு சில்லு முன்னால் மின்னியது. அம்மா தலையைச் சாய்த்துக் கேட்டார். "பரவாயில்லையே" என்றார். மெக்கானிக் மனசுக்குள், லிப்ட் கம்பி இல்லாமலே மொட்டை மாடிக்குப் போய்வந்தார்.

"ஸ்டேஷன்ல என் இடத்துக்கு வந்தாளே அந்தப் பொண்ணு, நேத்து போன்ல வாய்ஸ் அனுப்பினாளே, அதையும் இதுல போடுங்க."

போட்டார். கொசு ஒன்று விசில் அடித்துக்கொண்டே நலம் விசாரித்தது.

"இவளுக்கு என்ன ஆச்சு?"

"ஜலதோஷமா இருக்கும்."

"ஜலதோஷத்துல குரல் இறங்குமா, ஏறுமா?" என்று கேட்டபடி அம்மா எழுந்து பெட்டியின் பின்னால் கையை விட்டார். திருகு கடைசி முனையில் நின்றது. அடுத்த பெட்டியிலும் அப்படியே.

"வாங்கறப்பவே அப்படித்தான் இருந்துச்சு."

"திருகுல உங்க கை கிரீஸ் அப்பியிருக்கு."

மெக்கானிக் தன் கால் விரல்களை அன்றுதான் முதல்முதலாகப் பார்ப்பவர்போலப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீங்களுமா?" என்றார் அம்மா, மெதுவாக.

"நீ அந்தப் புத்தகத்தத் திருப்பித் திருப்பிப் படிக்கற. அத எங்க திருப்பிக் குடுத்துடுவியோன்னுதான்..."

அம்மா இரண்டு திருகுகளையும் நடுவுக்குக் கொண்டுவந்தார். முந்தானையால் கிரீஸைத் துடைத்தார். நாற்காலியில் நேராக உட்கார்ந்தார். "போடுங்க."

மனைவி சிரமப்படுகிறாள் என்று தெரிந்தால் உடனே நிறுத்திவிடலாம் என்று, மெக்கானிக் சுவிட்சின் மேல் விரலை வைத்தபடி நின்றார். குரல் வந்தது. நாவலில், மூடுபனிக்குள் ஒரு பெண் தனியாகத் துடுப்பு போட்டுப் படகைத் தள்ளிக்கொண்டு போகிறாள். கரை தெரியவில்லை. எதிரில் இன்னொரு துடுப்பின் சத்தம் கேட்கிறது. அவள் நிற்கிறாள். குரலும் மூச்சுக்கு நின்றது. பனி அறைக்குள்ளேயே வந்துவிட்டது. கரகரவென்று, அவசரமே இல்லாமல் குரல் மறுபடி நகர்ந்தது.

பக்கம் முடிந்தது.

"யாரோ ஒரு வயசான பொம்பள பேசற மாதிரி இருக்கு" என்றார் அம்மா கடைசியில். "மணி இல்ல. அது போயிடுச்சு. போனது போனதுதான்." குரல் கொஞ்சம் உடைந்தது. பிறகு மூக்கை உறிஞ்சினார். "பால் தீயுது. வாசனை வரல உங்களுக்கு?"

"எதிர்ல வந்தது யாரு?"

"என்னது?"

"எதிர்ல துடுப்புச் சத்தம் கேட்டுச்சே, அது யாரு?"

அம்மா திரும்பிப் பார்த்தார். மெக்கானிக் கட்டிலில் இருந்தார். விரல் சுவிட்சில் இல்லை. இரண்டு கைகளும் மடியில் கிடந்தன, கதை கேட்கும் குழந்தைக்குக் கிடப்பதுபோல.

"என்னங்க, உக்காந்திருக்கீங்க?"

அவரும் அப்போதுதான் குனிந்து பார்த்தார். "அட, ஆமா."

"என் குரலக் கேட்டு நீங்க உக்காந்து நான் பாத்ததே இல்லையே."

"எப்ப உக்காந்தேன்னு எனக்கே தெரியல. அத விடு, எதிர்ல யாரு வந்தான்னு சொல்லேன்."

"சொல்லமாட்டேன். அடுத்த பக்கத்துல இருக்கு."

"அப்ப வாசி!"

அம்மா அவரை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். ஊரே சத்தியம் பண்ணியும் கிடைக்காத ஏதோ ஒன்று அந்தப் பரபரத்த முகத்தில் கிடைத்திருக்க வேண்டும். தலையணைக்கு அடியிலிருந்து புத்தகத்தை உருவிக்கொண்டு, புடவைகளை விலக்கி, அலமாரிக்குள் போய் உட்கார்ந்தார்.

"முதல்ல அடுப்ப அணைச்சுட்டு வாங்க. வந்து கதவச் சாத்துங்க."

அவர் ஓடிப்போய் அடுப்பை அணைத்தார். பால் பாத்திரம் கரிச்சட்டியாகியிருந்தது, அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வந்து அலமாரிக் கதவைச் சாத்தினார், பதிவுப் பொத்தானை அழுத்தினார், கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.