குளத்துக்கு அந்தக் கரையில் ஒரு கிசுகிசு

“குளத்துக்கு அந்தக் கரையில அதிகாரி காண்டிராக்டர் காதுல கிசுகிசுத்தார். இந்தக் கரையில நின்ன எனக்கு ஒரு எழுத்து விடாம விளங்கிச்சு. அதுவும் எப்போ? நூறு ஒலிபெருக்கிக் குழாயும் ஒண்ணா டமடமன்னு முழங்கிட்டு இருக்கறப்போ!”

காட்டு வாசலில் சங்கக்கா இதைச் சொல்ல, புதிதாகக் குடிவந்திருந்த பல் மருத்துவர் சிரித்த சிரிப்பில் இரும்புக் கதவின் துருவெல்லாம் உதிர்ந்தது. அவரைக் குறை சொல்ல முடியாது. சங்கக்கா செவிடு என்பது தெருவுக்கே தெரியும். அவள் வீட்டு அழைப்புமணியை அழுத்தி அழுத்தியே ஒரு தபால்காரரின் கட்டைவிரல் தேய்ந்து, அவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார்.

“நிஜமாவா?” என்று மருத்துவர் பக்கத்தில் நின்ற, சங்கக்கா வீட்டோடு வந்து தங்கிவிட்ட அவள் நாத்தனாரைக் கேட்டார்.

“நானும் அங்கதான் நின்னேன். அப்படி ஒண்ணும் நடக்கல. அண்ணி குருட்டாம்போக்குல எறிஞ்ச கல்லு, மாங்காய் விழுந்துடுச்சு. அவ்வளவுதான்” என்றாள் நாத்தனார். கடிகாரம் மணி அடித்தால்கூட எழுந்து போய் வேறொரு கடிகாரத்தில் சரிபார்க்கிறவள் அவள்.

சங்கக்காவுக்கு மூக்கு நுனியில் கோபம் வந்து உட்கார்ந்தது. அங்கே அதற்கு எப்போதும் ஒரு நாற்காலி போட்டே இருக்கும்.

அவள் பெயர் சங்கு என்று ஆனது நூற்பாலையில். வேலை நேரம் அறிவிக்கும் ஆலைச் சங்கு, அவள் வாயைத் திறந்தால் வெட்கப்பட்டு அடங்கிவிடும் என்பார்கள். எந்திரங்களின் இரைச்சலில் அங்கே யாருக்கும் யார் பேச்சும் கேட்காது. உதட்டசைவைப் பார்த்தே கல்யாணம் பேசி, கைமாற்று கேட்டு, சண்டை மூட்டி, சமாதானமும் ஆகிவிடுவார்கள். வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி போட்டாளே தவிர, தூரத்துக்கு அவள் கண் பருந்து. பக்கத்து ஊரில் ஒருவன் கொட்டாவி விட்டால் கடைவாய்ப் பல்லை எண்ணிவிடுவாள்.

ஓய்வு பெற்றபோது ஆலை அவளுக்கு ஒரு சுவர்க் கடிகாரமும் இரண்டு காது நிறைய இரைச்சலும் கொடுத்து அனுப்பியது. வெளியே பேசுவது எடுபடாது. உள்ளே மட்டும் ஆயிரம் நூற்புக் கதிர்கள் ராப்பகலாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். “இதுக்கு மருந்து இல்ல, பழகிக்குங்க” என்றார் காது மருத்துவர். அவர் தலைக்குள் ஒரு எந்திரத்தை இறக்கி ஓடவிட்டு, “பழகிக்குங்க” என்று சொல்ல அவளுக்குக் கை துறுதுறுத்தது.

கதிர்கள் நின்றது ஒரே ஓர் இடத்தில்தான். பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் ஊரை ஒட்டிய சின்னக் காடு அது. பறவை பார்ப்பவர், தொப்பை கரைப்பவர், வீட்டில் சண்டை போட்டு வந்தவர், காதலிக்க வந்தவர் எல்லாருக்கும் இடம் இருந்தது. மரப்பாலத்தைத் தாண்டினால் குளம். அதன் கரையில் வானத்தைக் குத்திக் கிழிக்கிற உயரத்தில் மரங்கள். காற்று அவற்றின் தலையைக் கோதும்போது கனத்த ஓசை ஒன்று, கம்பளி போர்த்துவதுபோல் மேலே இறங்கும். அந்தப் போர்வைக்கு அடியில் ஒவ்வொரு கதிராக ஓய்ந்து, சங்கக்காவின் தலைக்குள் விளக்கணைத்த ஆலைபோல அமைதி வரும். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் மீதி இருபத்து மூன்று மணி நேரத்தையும் யாரையும் கொலை செய்யாமல் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

அதில்தான் மண்ணை அள்ளிப் போட்டார்கள்.

ஒருநாள் காலை போனால், மரத்துக்கு மரம் ஒலிபெருக்கி. பழுக்காத காய் மாதிரி சாம்பல் நிறத்தில் தொங்கின. பதிவு செய்த குயில் கூவியது. பதிவு செய்த அருவி கொட்டியது. அப்புறம் குழல், அப்புறம் மத்தளம். நடுநடுவே ஒரு பெண்குரல்: “நீங்கள் இப்போது அமைதியான சூழலில் இருக்கிறீர்கள். அமைதியை அனுபவியுங்கள்.” அனுபவிக்கவில்லையென்றால் உதைப்பேன் என்கிற தொனி. நிஜக் குயில்கள் மூட்டை கட்டிக்கொண்டு பணிமனைக்குக் குடிபோயின. பேச்சு கேட்காத காதாக இருந்தாலும் மத்தளம் சங்கக்காவின் எலும்பு வழியாக உள்ளே நுழைந்தது. இலையோசை எங்கே போயிற்றென்று தெரியவில்லை. கதிர்கள் இரட்டை வேகத்தில் சுற்ற ஆரம்பித்தன.

அவள் செருப்புக் காலோடு நேரே பூங்கா அலுவலகத்துக்குப் போனாள். நாத்தனாரும் வேடிக்கை பார்க்கப் பின்னாலேயே போனாள். அதிகாரி மழுமழுவென்று சவரம் செய்த முகத்துக்காரர். அவள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார்.

“ஏம்மா, உங்களுக்குத்தான் காது கேக்காதுன்னு சொல்றீங்க. அப்புறம் எங்க என்ன பாடினா உங்களுக்கு என்ன?”

“கண்ணு தெரியாதவன் கண்ணுல மொளகாப்பொடி தூவலாமா?” என்றாள் சங்கக்கா. மேசைமேல் இருந்த தண்ணீர் டம்ளர் நடுங்கியது.

அதிகாரி சிரித்தார். “ஜனங்க சந்தோஷமா கேக்கறாங்க. உங்க ஒருத்தரைத் தவிர யாரும் குறை சொல்லல. நீங்க பழகிக்கணும்.”

அந்த வார்த்தையா! வீடு திரும்பும் வழியில் அவள் எதிரே வந்த லாரி ஒதுங்கி நின்று வழிவிட்டது. அன்று அவள் பாத்திரம் தேய்த்த தேய்ப்பில் எவர்சில்வர் தட்டு வழியாக மறுபக்கம் தெரிந்தது. காட்டில் நடக்கிற எல்லாரையும் மறித்துக் கேட்டாள். எல்லாரும் முகத்தைச் சுளித்தார்கள், காதைத் தேய்த்தார்கள், “ஆமாக்கா, தொல்லைதான்” என்றார்கள். “அப்போ வந்து சொல்லுங்க!” என்றால், ஒருத்தருக்கு முட்டிவலி, ஒருத்தருக்கு விருந்தாளி. தொலைநோக்கிக் குழாயைக் கழுத்தில் மாட்டிப் பறவை பார்க்கிற ஓவிய ஆசிரியர் மட்டும், “நான் மனசுக்குள்ள உங்க கூடத்தான்” என்றார்.

“மனசை வீட்டுல வச்சுட்டு வாயக் கொண்டுவாங்க!” என்று கத்திவிட்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அந்த ஒலிபெருக்கிகளுக்கு முறைப்படி திறப்பு விழா. குளத்துக்கு அந்தக் கரையில் மேடை, நாற்காலி, ரிப்பன். பொதுஜனம் கயிறுக்கு இந்தப் பக்கம், இந்தக் கரையில். முன்வரிசையில் சங்கக்கா, பக்கத்தில் நாத்தனார். விழா என்பதால் ஒலிபெருக்கிகளை முடுக்கிவிட்டிருந்தார்கள். மத்தளத்தின் ஒவ்வோர் அடிக்கும் குளத்து மீன்கள் ஒரு முழம் எம்பி விழுந்தன. யாரும் யாரோடும் பேச முடியவில்லை. ஆனால் எல்லாரும் புன்னகைத்துக்கொண்டே நின்றார்கள். அந்தப் புன்னகைதான் சங்கக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் மேடையில் அதிகாரி நெற்றிப்பொட்டைக் கிள்ளிக்கொண்டார். ஒலிபெருக்கிகளை மாட்டிய ஒப்பந்தக்காரர் பக்கம் சாய்ந்தார். மழுமழுவென்ற முகம், தெளிவான உதடு. பெரிய எழுத்தில் அச்சடித்த பாலபாடம் மாதிரி.

‘தலை வெடிக்குதுய்யா. கொஞ்சம் குறைக்கச் சொல்லு’ என்றன அந்த உதடுகள்.

‘படம் எடுத்து முடிக்கட்டும் சார், அதுவரைக்கும் சிரிங்க’ என்றார் ஒப்பந்தக்காரர். அதிகாரி சிரித்தார்.

சங்கக்காவின் உள்ளங்காலில் கிளம்பிய சூடு உச்சந்தலையில் வந்து புகைந்தது. அவருக்குத் தலை வெடித்தால் குறைக்க வேண்டும். அவளுக்கு வெடித்தால் பழகிக்கொள்ள வேண்டும்!

இசை நின்றது. அதிகாரி மைக்கைப் பிடித்தார். “இந்தக் காட்டுக்கு இன்னைக்கு நாங்க அமைதியைக் கொண்டு வந்திருக்கோம்...”

“நிறுத்துய்யா!”

ஆலைச் சங்கு ஊதிவிட்டது. மேடைப் பந்தலின் துணி அந்தப் பக்கம் உப்பியது. நாத்தனார் அவள் கையைப் பிடித்து இழுத்தாள். சங்கக்கா உதறினாள்.

“இப்போ காண்டிராக்டர் காதுல சொன்னீங்களே, அதை மைக்குல சொல்லுங்க! சொல்ல மாட்டீங்களா? நான் சொல்றேன். ‘இதைக் கேக்கறவன் மனுஷனா? இதை மாட்டினவனைத் தலைகீழா இதே மரத்துல மாட்டணும். இந்தச் சத்தத்துக்கு என் பெண்டாட்டி வாயே தேவலை’ன்னு சொன்னீங்களா இல்லையா?”

மேடைக்குக் கீழே முதல் நாற்காலியில் அதிகாரியின் மனைவி உட்கார்ந்திருந்தார். அதைச் சங்கக்கா பார்க்காமலா இருந்தாள்? அந்த அம்மாள் மெல்லத் தலையைத் திருப்பிக் கணவரைப் பார்த்தார்.

அதிகாரிக்கு வேர்த்துக் கொட்டியது. “பொய்! பச்சைப் பொய்! பெண்டாட்டி பேச்சையே நான் எடுக்கல! தலை வெடிக்குது, கொஞ்சம் குறைக்கச் சொல்லுன்னு மட்டும்தான் சொன்னேன்!”

மைக் கையில் இருந்ததை அவர் மறந்துபோனார். நூறு மரமும் சேர்ந்து, “தலை வெடிக்குது! குறைக்கச் சொல்லு!” என்று காடு முழுக்க முழங்கின.

 முதலில் முட்டிவலிக்காரர் கத்தினார்: “எனக்கும் வெடிக்குது சார்!” விருந்தாளி வந்த வீட்டுக்காரம்மா, “என் குழந்தை தூங்கி ஒரு வாரம் ஆச்சு!” என்றார். ஓவிய ஆசிரியர் கழுத்துக் குழாயைக் கழற்றித் தலைக்குமேல் சுழற்றிக்கொண்டே, “பறவையக் கொண்டா! பறவையக் கொண்டா!” என்று குதித்தார். கயிறு எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது.

“தற்காலிகமா நிறுத்தி வைக்கிறோம்” என்றார் அதிகாரி.

“தற்காலிகம்ங்கற வார்த்தை என் காதுல விழாது. நான் செவிடு. ஏணியக் கொண்டாங்க!” என்றாள் சங்கக்கா.

கடைசிச் சாம்பல் காய் இறங்கும்வரை, மதியச் சாப்பாட்டைத் தள்ளிவிட்டு, ஒவ்வொரு மரத்தடியிலும் இடுப்பில் கை வைத்து நின்றாள். கம்பிகளைச் சுருட்டிக்கொண்டு வண்டி போன பிறகு காற்று வந்தது. மரங்களின் தலை அசைந்தது. ஒரு கதிர் நின்றது. இன்னொன்று நின்றது. அவள் ஈரத்தரையிலேயே கால் நீட்டி உட்கார்ந்துவிட்டாள். அழுதாளா என்று கேட்டால் அடிப்பாள்.

அப்பேர்ப்பட்ட காரியத்தைத்தான் இன்று காட்டு வாசலில் நின்று ‘குருட்டாம்போக்கு’ என்கிறாள் நாத்தனார்!

“எல்லாருக்கும் அன்னைக்குத் தலைவலி. அதிகாரிக்கும் இருக்கும்னு யூகிக்கப் பெரிய வித்தை வேணுமா?” என்று பல் மருத்துவரிடம் சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல், அப்போது நடக்க வந்த மருந்துக்கடைக்காரர் மனைவியோடு விடுவிடுவென்று முன்னால் நடந்தாள். சங்கக்காவும் மருத்துவரும் குளத்தின் இந்தக் கரைக்கு வந்தபோது, அவர்கள் இரண்டு பேரும் மரப்பாலம் கடந்து அந்தக் கரையை அடைந்திருந்தார்கள். நாத்தனாரின் வாய் அசைந்துகொண்டிருந்தது. சங்கக்கா நின்றாள். கண்ணைச் சுருக்கினாள். நெற்றியில் நரம்பு புடைத்தது.

“ஏண்டீ!” என்று சங்கு ஊதியது. “என் காபி கழுநீரா? அந்தக் கழுநீரைக் காலையில ரெண்டு, சாயங்காலம் ரெண்டுன்னு வாங்கி உறிஞ்சறது யாரு? உங்க அண்ணன் கட்டினது பெண்டாட்டிய இல்ல, ஊதுகுழலையா? வரச் சொல்லு உங்க அண்ணனை!”

அந்தக் கரையில் மருந்துக்கடைக்காரர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் பொத்தியது போதாதென்று நாத்தனாரும் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். பாலத்தைக் கடந்து திரும்பி வந்தபோது அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

“அண்ணி... அப்போ வீட்டுல? நான் அடுப்புப் பக்கம் நின்னு... எனக்கு நானே முணுமுணுத்தது...”

“எருமைன்னது தெரியும். மண்ணாங்கட்டின்னது தெரியும். போன வாரம் புதுசா ஒண்ணு சொன்னியே, அதை டாக்டர் முன்னாடி சொல்ல வேண்டாம்னு பாக்கறேன். நீ இந்த வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து ஒண்ணு விடல.”

“பின்னே ஏன் அண்ணி ஒரு நாளும் கேக்கல?”

“கேட்டா நீ நிறுத்திடுவியே!” சங்கக்கா கோபம் குறையாமலே கத்தினாள். “உங்க அண்ணன் மீசை வாயை மூடிக் கிடக்கு, ஒரு வார்த்தை படிக்க முடியல. வீட்டுல எனக்கு விளங்கற ஒரே பேச்சு நீ திட்டறதுதான். அதையும் நிறுத்திட்டு நான் யாரோட இருக்கறது?”

நாத்தனார் குளத்தைப் பார்த்தாள், மரத்தைப் பார்த்தாள், தன் செருப்பைப் பார்த்தாள்.

பல் மருத்துவர் தொண்டையைக் கனைத்தார். “அப்போ அந்த அதிகாரி விஷயம்... நடந்ததுதானா?”

நாத்தனார் உள்ளங்கையால் வாயை மறைத்துக்கொண்டு ஏதோ சொன்னாள்.

“கையை எடுத்துட்டுச் சொல்லு!” என்றாள் சங்கக்கா.

கை இறங்கியது.

“நடந்துச்சு” என்றாள் நாத்தனார். “பெண்டாட்டி சமாச்சாரமும் தலைகீழா மாட்டறதும் மட்டும் அண்ணியோட கைச்சரக்கு. மத்ததெல்லாம் நடந்துச்சு.”