இடது கை

இங்கா ஒரு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து பின்னிக் கொடுத்த ஸ்வெட்டரை கில்பர்ட் வெந்நீரில் துவைத்துத் தொலைத்தான். சுருங்கி வெளியே வந்தது, அவன் வீட்டுப் பூனைக்குக் கனகச்சிதமாக இருந்தது.

சனிக்கிழமை இருவரும் படகேறி லெர்விக் கம்பளிச் சந்தைக்குப் போவதாக ஏற்பாடு. "நான் பின்னினதையே போட்டுட்டு வா" என்று சிநேகிதி இங்கா சொல்லியிருந்தாள். அதே நீலத்தில், அதே நட்சத்திரப் பூவோடு கடையில் ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டான், மகா புத்திசாலி.

"எப்படி இருக்கு?" என்று படகில் கேட்டான்.

"கை குளிருதா?" என்றாள் இங்கா.

அந்தச் சந்தையில் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கைப்பின்னலா என்று ஸ்வெட்டர் விளிம்பைப் புரட்டி உள்பக்கம் பார்ப்பார்கள். நூல் விற்கும் ஓஸ்லாவும் கில்பர்ட் போட்டிருந்ததைப் புரட்டினாள்.

"அடியே இங்கா, இது மெஷின்ல பின்னினது! உன் கைவேலைன்னு ஊரெல்லாம் பீத்திக்கிட்டியே?"

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். கில்பர்ட் வாயைத் திறப்பதற்குள் இங்கா முந்திக்கொண்டாள். "விரல் வலிடி. மெஷின்ல போட்டுட்டேன்."

அவனுக்குக் காது மடல் கொதித்தது. வெளியே வந்ததும் கேட்டான்: "உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"டீ குடிக்கலாமா?"

"இங்கா, சொல்லு."

அவள் நின்றாள். "படகுலயே தெரியும். நீயா சொல்லுவேன்னுதான் பாத்துக்கிட்டிருந்தேன். உனக்கு இடது கை கொஞ்சம் நீளம்டா, அதுக்குத் தகுந்த மாதிரிதான் பின்னியிருந்தேன். இதுல மணிக்கட்டு வெளிய தெரியுது."