லாண்டிரி அறையின் நாற்றம்

பிளெய்ன்ஸ்பரோவில் விசாலாக்ஷியின் வீட்டு லாண்டிரி அறையில் அந்த நாற்றம் தொடங்கியது 1986 மார்ச்சில். செத்த எலியும் ஊறிய சாக்கும் சேர்ந்தாற்போல் ஒரு நாற்றம். மூன்று வாரம் முன்புதான் அவள் கணவன் ஜம்புநாதன் வாஷிங் மெஷினின் பம்பைத் தானே மாற்றியிருந்தான். மெக்கானிக் இல்லாமல் முடித்த பெருமையை வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்.

அப்போது விசாலாக்ஷியின் சித்தி பெண் நாகலக்ஷ்மி கைக்குழந்தையோடு அங்கே தங்கியிருந்தாள். கணவனுக்கு டெக்சாஸில் புது வேலை. வீடு கிடைக்கும்வரை இங்கே இருப்பதாக ஏற்பாடு.

"குழந்தையோட துணியெல்லாம் மெஷின்ல போடறா. நாறாம என்ன செய்யும்?" என்றான் ஜம்புநாதன் மனைவியிடம், நாகலக்ஷ்மியின் காதில் விழும்படி.

மறுநாளிலிருந்து நாகலக்ஷ்மி குழந்தையின் துணிகளை பாத்டப்பருகே மண்டிபோட்டுக் கையால் துவைத்தாள். விசாலாக்ஷி தடுக்கவில்லை. அவளுக்கும் அதே சந்தேகம். இரண்டு வாரத்தில், வீடு அமைவதற்கு முன்பே, நாகலக்ஷ்மி கிளம்பிப் போய்விட்டாள்.

நாற்றம் மட்டும் போகவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை மெஷினுக்கு அடியிலிருந்து பழுப்புத் தண்ணீர் கசிந்து ஹால் கார்ப்பெட் வரை வந்தது. ஜம்புநாதன் டென்னிஸ் ஆடப் போயிருந்தான். விசாலாக்ஷி பிளக்கைப் பிடுங்கி, தண்ணீர்க் குழாயை மூடி, மெஷினை இழுத்துப் பின்தகட்டைக் கழற்றினாள். வந்த வாடையில் சிங்குக்கு ஓடிப்போய் வாந்தியெடுத்தாள். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு திரும்பினாள்.

பம்பில் ரப்பர் குழாய் சேரும் இடத்தில், அதை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் இல்லை. கறுப்பாக, கொழகொழவென்று ஏதோ சுற்றியிருந்தது. இழுத்தபோது விரல்களில் வழுக்கியது; உள்ளே தலைமுடியும் சோப்புச் சகதியும். விரித்துப் பார்த்தாள். கணவனின் பனியன். சணல் கயிற்றால் கட்டியிருந்தான்.

அவன் வந்ததும் அதை வாசலிலேயே நீட்டினாள்.

"கிளாம்ப் உடைஞ்சுபோச்சு. டெம்பரரியாத்தான் சுத்தினேன்."

"லீக் ஆறதுன்னு தெரிஞ்சுண்டே அந்தப் பொண்ணு மேல பழி போட்டேளா?"

"அவதான் ஒண்ணும் சொல்லலையே."

அந்தப் பனியனைத் தொட்டபோதுகூட அவளுக்கு இவ்வளவு அருவருப்பு வரவில்லை. காரை எடுத்துக்கொண்டு போய்ப் புது கிளாம்ப் வாங்கிவந்து, தானே முடுக்கினாள். தரையை பிளீச் ஊற்றித் தேய்த்தாள். மெஷினை ஓட்டிப் பார்த்தாள். ஒரு சொட்டுக் கசியவில்லை. பிறகு டெக்சாஸுக்கு ஃபோன் பண்ணி நடந்ததைச் சொன்னாள்.

"தெரியும்க்கா," என்றாள் நாகலக்ஷ்மி. "துணி ஒண்ணு பின்னாடி விழுந்துதுன்னு குனிஞ்சப்போ பாத்தேன். அத்திம்பேர் பனியன் கீழ தொங்கிண்டிருந்தது."

"ஏண்டி என்கிட்ட சொல்லலை?"

"உங்காத்துல தங்கிண்டு எப்படிக்கா சொல்றது? நீயும் அதையேதானே நெனச்சிண்டிருந்தே."

விசாலாக்ஷிக்குக் கூசிப்போயிற்று. மன்னித்துக்கொள் என்றாள். பரவாயில்லை, குழந்தை அழறது என்று நாகலக்ஷ்மி ஃபோனை வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகும் அவளிடமிருந்து கடிதங்கள் வந்தன. டெக்சாஸுக்கு வா என்று ஒன்றில்கூட எழுதவில்லை.