சொட்டுநீலம்

மூன்றாவது தடவையாக அந்த வெள்ளைச் சட்டையை வாளிக்குள் அமுக்கும்போது மருமகளுக்கு அழுகையே வந்துவிட்டது. அழுவதற்கும் நேரம் வேண்டுமே! புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு இன்னும் நாலு சொட்டு நீலம் விட்டாள். மாமனார் ஆயுசு முழுக்கச் சலவைக்கடை நடத்தியவர். அவரிடம் போய், வெளுத்தது போதும் என்று சொல்ல முடியுமா? ஒரு வாரமாக எதைத் துவைத்துக் கொடுத்தாலும், இன்னும் மஞ்சளாக இருக்கிறதே என்பார். தலையணை உறை மஞ்சள், சுவர் மஞ்சள், அவள் போடுகிற சோறும் மஞ்சள். அந்தச் சோற்றையும் பாதியிலேயே தள்ளிவிடுவார். குறை சொல்வதற்கென்றே இவருக்குப் பொழுது விடிகிறது என்று அவள் மனசுக்குள் கறுவிக்கொண்டாள்.

எரிச்சல் சட்டையின் மேல் மட்டும் இல்லை. கட்டட வரைபடம் போடுவதில் கெட்டிக்காரி என்று பேர் வாங்கியவள் அவள். மாமனாரின் இதயம் பலவீனமானதும், கொஞ்ச நாளைக்குத்தானே என்று புருஷன் சொன்னதை நம்பி வேலையை விட்டாள். அந்தக் கொஞ்ச நாள் இழுத்த இழுப்புக்கெல்லாம் நீண்டுகொண்டே போனது. இப்போது பழைய மேலாளர் வெளியூரில் புதுக் கிளை திறந்து அவளைக் கூப்பிட்டிருந்தார். இன்று காலையில் போன் பண்ணுவாராம், பதில் சொல்லிவிட வேண்டுமாம், இல்லையென்றால் வேறு ஆள் தயாராக இருக்கிறதாம். புருஷனைக் கேட்டால் பழைய பாட்டுத்தான்: “அப்பா தேறட்டும், அப்புறம் தாராளமா போ.” சொல்லிவிட்டு அவன் பாட்டுக்கு வேலைக்குக் கிளம்பிப் போய்விட்டான்.

தேறுகிற மாதிரியா இருக்கிறார்? தினமும் காலையில் ஒரு நிமிஷம் முழுசாக நாடியை எண்ணி, அறுபதுக்குக் குறையாமல் இருந்தால்தான் இதய மாத்திரையைக் கொடுக்கலாம். மருந்து எழுதிக் கொடுத்த அன்று டாக்டர் தன் அறைச் சுவரில் தொங்கிய ஊதாப் பூங்கொத்துப் படத்தைக் காட்டி, இந்தச் செடியின் இலையிலிருந்து வந்த மருந்துதான் இது என்றார். அளவோடு இருந்தால் இதயத்தைத் தூக்கி நிறுத்தும், கூடினால் விஷம். பசி போகும், கண்ணுக்கு நிறங்கள் மாறித் தெரியும் என்று இன்னும் என்னென்னவோ அடுக்கினார். அவள் அறுபதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். நேற்றுவரை எப்படியோ அறுபதைத் தொட்டுவிட்டது; இன்றைக்கு இன்னும் எண்ணவில்லை.

அடுத்த சட்டையை எடுத்தாள். நேற்று அவர் கழற்றிப் போட்டது. பைக்குள் ஏதோ விரலைக் கீறியது. எடுத்துப் பார்த்தால், மாத்திரை அட்டையின் கிழிந்த துண்டு, வெள்ளித்தாள் பிரிந்து காலியாக. அடுத்த மாதத்துக்கென்று அலமாரியில் வாங்கி வைத்திருந்த அட்டை. வாடிக்கையாளர்களிடம் பையைப் பாருங்க, பையைப் பாருங்க என்று காலமெல்லாம் கத்தியவர் தன் பையைப் பார்க்க மறந்திருக்கிறார்.

ஈரக் கையோடு ஓடினாள். “மாமா, இது என்ன?”

கட்டிலில் சாய்ந்திருந்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “நீ காலையில ஒண்ணு குடுக்குறல்ல. சாயங்காலம் நானா ஒண்ணு போட்டுக்கிறேன்.”

“யாரு போடச் சொன்னா?”

“சீக்கிரம் தேறிட்டா நீ வேலைக்குப் போயிடலாம்ல. என்னால நீ கெடந்து அல்லாடுறியேம்மா.”

இந்த மனுஷனையா ஒரு வாரமாகக் கரித்துக்கொட்டினோம்? ஓங்கி அறையலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் மணிக்கட்டைப் பிடித்தாள். எண்ண ஆரம்பித்ததும் போன் அடித்தது. மேலாளர்.

“எடும்மா,” என்றார் மாமனார்.

தலையை ஆட்டி மறுத்தாள். ஒன்று தப்பினாலும் முதலிலிருந்து எண்ண வேண்டும். ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவில் மூச்சை அடக்கிக் காத்திருந்தாள். போன் அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. நிமிஷம் முடிந்தபோது எண்ணிக்கை ஐம்பதைக்கூடத் தொட்டிருக்கவில்லை.

டாக்டரைக் கூப்பிடவும் அந்த ஒரே போன்தான். மேலாளரின் அழைப்பைத் துண்டித்துவிட்டு டாக்டரின் எண்ணை அழுத்தினாள். அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டே இருந்தது. மணிக்கட்டை அவள் விடவில்லை.

ஜன்னலுக்கு வெளியே, நேற்று அவள் நீலத்தைக் கொட்டி அலசிய சட்டைகள் கொடியில் வானத்து நிறத்தில் ஆடின. மாமனார் கண்ணைச் சுருக்கி அவற்றையே பார்த்தார்.

“இப்பத்தாம்மா,” என்றார் திருப்தியாக, “நல்லா வெளுத்திருக்கு.”