நாலாவது தோள்

பதினொன்றரை மணிக்கு ஒத்தோரீனோ மாமாவின் சவப்பெட்டியைத் தூக்கவேண்டும். பதினொன்று இருபதுக்கு நான் கோட்டைவாசலில் மஞ்சள் குடையை உயர்த்திப் பிடித்தபடி, கழிப்பறைக்குப் போன இரண்டு பெண்களுக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். நான் வழிகாட்டியாக அழைத்துவந்த சுற்றுலாக் கூட்டத்தில் மீதி இருபத்திரண்டு பேரும் மதிலில் சாய்ந்து, பேருந்தில் வரும்போதே எடுத்துத் தள்ளிய அதே திராட்சைத் தோட்டங்களைத் திரும்பவும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் மலையூரின் சந்துகளில் சவ வண்டி நுழையாது. தேவாலயத்திலிருந்து கீழ்வாசல் வரை, நூற்றுப் பன்னிரண்டு படிகள், தோளில்தான் இறக்கவேண்டும். தூக்க நாலு பேர் வேண்டும். பாதி வீடுகள் விடுமுறை வாடகைக்குப் போய்விட்ட ஊரில் நாலு பேருக்கு எங்கே போவது? மிச்சம் இருப்பவர்களுக்கு முழங்கால் சரியில்லை. முந்தைய நாள் மாமாவின் மகன் ரெமோ போனில் சொன்னான்: "நானு, பெப்பே, மருந்துக்கடை சீல்வியோ. நாலாவது நீதான். பொம்பளை தூக்கலாமான்னு எவனாவது வாயத் தொறந்தா நான் பாத்துக்கறேன். லீவு போட்டுட்டு வந்துரு."

விடுப்பு கிடைக்கவில்லை. நான் அழுத்திக் கேட்கவும் இல்லை. அடுத்த பருவத்துக்கு வேலை உண்டா இல்லையா என்று சொல்லும் மாதம் இது. கூட்டத்தைச் சதுக்கத்தில் விட்டு, "அரை மணி நேரம் உங்கள் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு ஓடிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

அந்த இரண்டு பெண்களும் ஆளுக்கொரு ஐஸ்கிரீமோடு வந்தார்கள். வரிசையில் நின்று வாங்கினார்களாம். பச்சை நிறம் விரல்களில் வழிந்துகொண்டிருந்தது.

நாங்கள் சதுக்கத்தில் ஏறியபோது பெட்டி தேவாலயத்திலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தது. பின்பக்க மூலையை, அங்கி தடுக்கத் தடுக்க, பாதிரியாரே தாங்கியிருந்தார். பெட்டி வாசலைத் தாண்டியதும் எங்கள் ஊர் கைதட்டியது. செத்தவரை நாங்கள் அப்படித்தான் வழியனுப்புவோம். என் கூட்டமும் தட்டியது. எங்கள் ஆட்கள் நிறுத்தினார்கள், இவர்கள் நிறுத்தவில்லை. எவனோ விசில் அடித்தான்.

முடியாமல், பெட்டியைக் கிணற்றுத் திட்டின்மேல் இறக்கி வைத்தார்கள். ரெமோ சுற்றிலும் தேடினான். குடைதான் முதலில் கண்ணில் பட்டிருக்கும்.

"நெரீனா! வா இங்க!"

கிரெய்க் என்ற தடியன் என் பக்கம் திரும்பினான். காலையிலிருந்து என் பேரை ஆயிரம் தடவை கூப்பிட்டவன். "உங்களையா கூப்பிடறாங்க? இது என்ன, தினமும் நடக்கற ஷோவா?"

என் மாமா என்று சொல்லியிருக்கலாம். இரண்டே சொற்கள். இருபத்து நாலு முகங்கள் என்னையே பார்த்தன. பையில் போன் அதிர்ந்தது, பன்னிரண்டு மணிக்குக் கூட்டத்தோடு மது ருசிக்கும் நிலவறையில் இருக்கவேண்டும். என் வாய், சம்பளத்துக்குப் பழகிய இந்த வாய், சொன்னது: "இது எங்க ஊர் வழக்கம்."

"ஆள் கொறையுது போலிருக்கே. நாங்களும் தூக்கலாமா?"

நான் தலையாட்டினேன். ஆமாம், ஆட்டினேன்.

போனை மனைவியிடம் கொடுத்து, "முழுசா எடு" என்று சொல்லிவிட்டுப் போனான். செத்தவருக்கு ஒருவன் கொடுக்கும் தோளை மறுக்கிற பழக்கம் எங்களிடம் இல்லை. பாதிரியார் விலகினார். தூக்குவதற்குமுன் ரெமோ என்னை ஒருமுறை பார்த்தான். பிறகு பார்க்கவில்லை. மேலே அடுக்கியிருந்த லில்லிப் பூக்கள் கிரெய்க்கின் காதில் உரச, பெட்டி படிகளில் இறங்கிப் போனது.

நான் குடையைத் தூக்கினேன். கூட்டம் என் பின்னால் வந்தது.

கிரெய்க் நிலவறைக்கு வந்து சேர்ந்தபோது இரண்டாவது கோப்பை ஊற்றிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் தட்டிக்கொடுத்தார்கள். "நல்ல கனம்" என்றான். "கடைசியில, நெரீனாவைக் கூப்பிட்டானே, அந்த ஆள் என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதுட்டான். என்னா நடிப்பு!" பாலாடைக்கட்டியை மென்றுகொண்டே சொன்னான்.

என்மேலேயே எனக்கு வந்த அருவருப்பில் மது வாசனைகூடப் பிணவாடையாக அடித்தது.

அவன் வெள்ளைச் சட்டையின் இடது தோளில் லில்லியின் மகரந்தத் தூள் கைப்பிடி அளவுக்கு அப்பியிருந்தது. "இதுக்கு ஏதாவது செய்ய முடியுமா, நெரீனா?"

அந்தத் தூளை உலர்ந்த துணியால் மெல்லத் தட்டவேண்டும். தண்ணீர் பட்டால் கறை பிடித்துக்கொள்ளும், பிறகு சட்டை கிழியும்வரை போகாது. எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

"முடியும், உட்காருங்க" என்றேன். கைத்துணியைத் தண்ணீரில் நன்றாக முக்கி, அந்தத் தோளில் வைத்து அழுத்தித் தேய்த்தேன்.