முதுகுக்கு இறங்கிய வியர்வை

சுபஹுத் தொழுதுவிட்டு, குறிஞ்சாக்கேணியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கிய கையோடு முனீப் மூட்டையைத் தோளில் ஏற்றினான். துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சீமெந்துக் கிட்டங்கிக்குள் கடற்காற்று எட்டிப் பார்க்காது. மூக்கில், பல்லில், கண்மடலில் எல்லாம் சாம்பல் தூசிதான். லொறிக்கும் அடுக்குக்கும் இடையே குனிந்து ஓடும் ஆட்களில் யார் எவரென்று தெரியாது.

முனீப்புக்குப் பிறந்ததிலிருந்தே ஈரக் கை. சும்மா இருந்தாலும் உள்ளங்கையில் வியர்வை சொட்டும். சீமெந்து ஈரத்தைக் கண்டால் சும்மா விடுமா? தோலைத் தின்றுவிடும். கையுறை போட்டால் அதற்குள்ளேயே குளம். அவன் பிடித்த இடத்தில் காகிதப் பைகள் நனைந்து கிழிந்தன. மேற்பார்வையாளர் குலசிங்கம் ஒருநாள் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்.

"கையைக் காய வைச்சுக்கொண்டு வாரும். இல்லாட்டி வேற வேலை பாரும்."

கொழும்பில் அதற்கொரு சத்திரசிகிச்சை உண்டென்று கேள்விப்பட்டு, மனைவி நுஸ்ரத் காப்பைக் கழற்றிக் கொடுத்தாள். கமக்கட்டுக்குக் கீழே சின்னத் துளை போட்டு, கமரா விட்டு, நெஞ்சுக்குள் ஓடும் நரம்பை வெட்டுவார்களாம். டொக்டர் ஒன்றையும் மறைக்கவில்லை.

"கை காய்ஞ்சிடும். ஆனா வேர்வை முதுகில, வயித்தில கூடலாம். பிறகு பழையபடி ஆக்க ஏலாது. யோசிச்சுச் சொல்லுங்க."

முனீப் யோசித்தான். மூட்டைக்காரனின் யோசனை அது. பையைப் பிடிப்பது கை, முதுகுக்குத்தான் சட்டை இருக்கிறதே என்று தலையாட்டிவிட்டான்.

கை காய்ந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று நுஸ்ரத் அந்தக் கையைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். வேலைக்குத் திரும்பி முதல் லொறி நிரம்பும் வரைக்கும்தான் அந்தச் சந்தோஷம். முதுகில் ஊற்றுத் திறந்தது. சட்டை நனைந்து, தூசி அதில் குழைந்து, தோலோடு ஒட்டி எரிந்தது. கழுவலாமென்றால் முற்றத்துக் குழாய்க்குப் பூட்டு. சாமானுக்குப் பக்கத்தில் தண்ணீர் கூடாதாம், வேலை முடியும்வரை திறக்கமாட்டார்கள். சாமானுக்குள்ள மரியாதை மனிதத் தோலுக்கு இல்லை, பாவிகள்.

முதல் பஸ்ஸில் வந்து இறங்கிய அன்று காலை, மூட்டையோடு நடந்தவன் அப்படியே முழங்காலில் விழுந்தான். அவனுக்குச் சோடியாக வேலை செய்யும் அல்பிரட் ஓடிவந்து சட்டையை உரித்தான். தோலும் கூடவே வந்தது.

குலசிங்கம் வந்து பார்த்தார். "முதல்ல கை, இப்ப முதுகா? நீர் சரிவரமாட்டீர். நாளையில இருந்து வரவேணாம்."

"நீங்க சொன்னதாலதானே சேர் நரம்பை வெட்டிக்கொண்டு வந்தனான்." முனீப் காய்ந்த கையை நீட்டிக் காட்டினான். "இனி அதை ஒட்டவும் ஏலாது. நான் எங்க போற?"

"காய வைக்கத்தான் சொன்னனான். வெட்டச் சொன்னனானா?"

அல்பிரட் எழுந்தான். "ஒவ்வொரு லொறிக்குப் பிறகும் குழாயைத் திறந்து விடுங்க சேர். கழுவினா இவன் வேலை செய்வான்."

"ஒருத்தனுக்காகத் திறக்க ஏலாது."

"ஒருத்தனுக்கா?"

அல்பிரட் தன் சட்டையைக் கழற்றித் திரும்பி நின்றான். தோளிலிருந்து இடுப்புவரை பழைய புண்ணும் புதுப் புண்ணும். கூட மூட்டை தூக்கும் ஜவாஹிரும் கழற்றினான். வயதில் மூத்த முஹம்மது தம்பியும் கழற்றினார். ஒரே சோற்றுப் பார்சலைப் பங்கிட்டுச் சாப்பிடுகிறவர்கள்கூட ஒருவருக்கொருவர் காட்டாமல், மனைவிமாருக்கு மட்டும் காட்டி வந்த முதுகுகள் அவை. வேலை போய்விடுமென்ற பயம் அவ்வளவு. அதன்பின் ஒருவரும் மூட்டையைத் தொடவில்லை. குழாயைச் சுற்றி நிலத்தில் உட்கார்ந்தார்கள்.

குலசிங்கம் போனை எடுத்தார். வெயில் உச்சிக்கு ஏறுமுன் தோப்பூரிலிருந்து ஒரு வான் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள், அறுவடை முடிந்து வேலையில்லாமல் இருந்தவர்கள். அவர்களைக் கோபிக்க முனீப்புக்கு மனம் வரவில்லை. அவர்களுக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது.

"முடிஞ்சுது மச்சான்," என்றான் அல்பிரட்டிடம்.

வந்தவர்கள் முனீப்பின் முதுகைப் பார்த்தார்கள், தலையைக் கவிழ்த்துக்கொண்டு உள்ளே போனார்கள். முதல் மூட்டை லொறியில் விழும் சத்தம் கேட்டது.

கடைசியாக இறங்கிய அர்ஷாக் என்பவன் மட்டும் நின்றுவிட்டான்.

"இது சீமெந்து செஞ்சதா?"

"ஓம்," என்றான் முனீப்.

உள்ளேயிருந்து குலசிங்கம் அர்ஷாக்கைக் கூப்பிட்டார். பிறகு இன்னும் உரக்கக் கூப்பிட்டார். அர்ஷாக் இடுப்பிலிருந்த சாரத்தை மடித்துக் கட்டினான்.

"கொஞ்சம் தள்ளி இருங்க, காக்கா," என்றான், சொந்த அண்ணனிடம் சொல்வதுபோல.

முனீப் தள்ளி இருந்து தன் பக்கத்தில் அவன் உட்கார இடம் கொடுத்தான்.